மாமா வீட்டுச் சீரும் இரண்டு ஆப்ஜெக்டும்

ஆங்கிலம்தான் எனக்குச் சோறு போட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சோற்றில் கல் கிடந்த மாதிரி அதில் இரண்டு சங்கதிகள் என் பல்லைப் பதம் பார்த்தன. ஒன்றுக்கு டைரக்ட் ஆப்ஜெக்ட் என்று பெயர், மற்றதற்கு இன்டைரக்ட் ஆப்ஜெக்ட். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சின்னமனூரில் இரண்டாம் பாரம் என்ற ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்து சேர்ந்த புதிதில் நான் பட்ட பாடெல்லாம் இவற்றால்தான். அப்போது எனக்கு மீசை சரியாகக்கூட வரவில்லை. கோபம் மட்டும் தாராளமாக வரும்.

பள்ளிக்கூடக் கட்டடத்தில் இடம் போதாமல் எங்கள் வகுப்பைச் சந்தைத் திடலை ஒட்டி ஓர் ஓலைக் கொட்டகைக்குத் தள்ளியிருந்தார்கள். சுவர் இடுப்பளவுதான். அதற்கு மேல் மூங்கில் தட்டி. நாங்கள் பேசுவது சந்தைக்குக் கேட்கும், சந்தை பேசுவது எங்களுக்குக் கேட்கும். நான் சைலன்ஸ் என்று மேசையைத் தட்டினால் தட்டிக்கு அந்தப் பக்கம் கத்தரிக்காய் விற்கிற அம்மாள் சட்டென்று வாயை மூடிக்கொள்வாள். பையன்கள் மூட மாட்டார்கள்.

ஒருநாள் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினேன். தி அங்கிள் கேவ் தி கேர்ள் எ கோட். தாய்மாமன் அந்தப் பெண்ணுக்கு ஓர் ஆடு கொடுத்தார். இதைவிட லேசாக ஒரு வாக்கியம் உலகத்தில் உண்டா?

“டைரக்ட் ஆப்ஜெக்டைக் கண்டுபிடிக்க, என்னத்தைக் கொடுத்தார் என்று கேள். இன்டைரக்டைக் கண்டுபிடிக்க, யாருக்குக் கொடுத்தார் என்று கேள்” என்றேன். செக்கு வைத்திருந்தவரின் மகன் ஒருவன் எழுந்தான். வகுப்பிலேயே பெரிய தொண்டை அவனுக்குத்தான்.

“என்னத்தக் குடுத்தாரு? பொண்ண. யாருக்குக் குடுத்தாரு? ஆட்டுக்கு” என்றான். “பாவம் சார் அந்தப் பொண்ணு.”

வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. தட்டிக்கு அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சாக்கட்டி ஒடிந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஐ என்றோ கு என்றோ ஒரு வால் தொங்குகிறது. பெண்ணுக்கு, ஆட்டை. வாலைப் பார்த்தாலே யார் வாங்குகிறவர், எது போகிற பொருள் என்று தெரிந்துவிடும். இங்கிலீஷ்காரன் வாலை நறுக்கிவிட்டு இரண்டையும் மொட்டையாகப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டான். வரிசையைப் பார்த்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் நிற்பது பொருள்தான் என்று பையன்கள் ஒரே பிடியாக நின்றார்கள்.

அந்த நாளில் எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. கொடுக்கிறவர், வாங்குகிறவர் சம்பந்தப்பட்டதுதான் அதுவும். என் தாய்மாமாவுக்கு ஒரே மகள். நான் முறை மாப்பிள்ளை. அவளைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் மாமா தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நடுவில் மேகமலை ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவருக்கு அவளைக் கேட்டு ஒரு தரகர் சந்தை தவறாமல் வந்துகொண்டிருந்தார். ரைட்டர் பூட்ஸ் போடுவாராம். துரையிடமே இங்கிலீஷ் பேசுவாராம். நான் யாரிடம் இங்கிலீஷ் பேசினேன்? பெண்ணை ஆட்டுக்குக் கொடுக்கிற பயல்களிடம்.

மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. ஊருக்குள் அவர் பெயர் வாங்கியது வெற்றிலையால் அல்ல, குரலால். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் பந்தலில் வந்திறங்கும் சீர்வரிசையைச் சபைக்குக் கேட்கும்படி கூவிச் சொல்ல மாமாவைத்தான் அழைப்பார்கள். அவர் சொல்லி முடித்ததும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போடுவார்கள். அவர் வாயால் சபையில் சொல்லிவிட்டால் அது கொடுத்தது போலத்தான். பொருள் இன்னும் வண்டியில் வந்துகொண்டிருந்தாலும் சரி, கொடுத்தவர் மனசு மாறினாலும் சரி, திருப்ப முடியாது. சொன்ன சீரைத் திருப்பியதாக ஒரு பேச்சு அவர் காலத்தில் வந்ததில்லை. அந்தப் பெருமையில் மாமா கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார்.

பெண்ணை ஆட்டுக்குக் கொடுத்த அந்த வாரமே சொந்தத்தில் ஒரு காதுகுத்து. மாமா பந்தலின் நடுவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு கையைக் காதில் வைத்தார்.

“மேலத்தெரு தாய்மாமன்… மருமகப் பிள்ளைக்கு… கொம்பு சீவுன கெடாஆ ஒண்ணு!”

குலவை. கொட்டு. அடுத்த தட்டு.

“பெரிய வீட்டு அத்தை… மருமகப் பிள்ளைக்கு… வெள்ளி அரணாக் கொடீஇ!”

நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். முதலில் கொடுக்கிறவர். அடுத்து வாங்குகிறவர். கடைசியில் பொருள். தி அங்கிள் கேவ் தி கேர்ள் எ கோட்! இங்கிலீஷ்காரனுடைய வரிசையும் என் மாமாவுடைய வரிசையும் ஒன்று. இதைக் கரும்பலகையில் தேடி நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தில் மாமாவைக் கட்டிப் பிடித்திருப்பேன். அவர் அந்த மாதிரி ஆள் இல்லை.

“என்ன மச்சான், எல்லாரும் பந்தியில உக்காந்துட்டாக. நீங்க பந்தக்காலுக்குக் காவலா நிக்கிறீக?”

மாமா மகள். கையில் பாயசச் சட்டி. “பாடம் கிடைச்சிருச்சு” என்றேன். “பாயசம் தீரப்போகுது, அதப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான், பேச்சில் ஒரு சொல்கூட வீண் போகாது.

மறுநாள் வகுப்பில் புத்தகத்தை மூடச் சொன்னேன். “எல்லாரும் காதுகுத்துக்குப் போயிருக்கீங்கல்ல? இன்னிக்கு இங்க காதுகுத்து” என்றேன். செக்குக்காரர் மகனை நடுவில் நிறுத்தி, துண்டைக் கட்டிவிட்டு, அந்த வாக்கியத்தைச் சீர் சொல்கிற மாதிரி சொல்லச் சொன்னேன். அவன் காதில் கையை வைத்தான்.

“தி அங்கிள்… கேவ் தி கேர்ள்… எ கோஓஓட்!”

என் மாமாவே கொட்டகைக்குள் வந்துவிட்டது போல இருந்தது. அவர் இழுக்கிற இழுப்பு, மூச்சு வாங்குகிற இடம், எல்லாம் அச்சு அசல். பையன்கள் கேட்காமலே குலவை போட்டார்கள். குலவை அடங்கியதும் கேட்டேன். தட்டில் என்ன இருக்கிறது? ஆடு. அதுதான் டைரக்ட் ஆப்ஜெக்ட். தட்டு யார் முன்னால் போய் இறங்குகிறது? பெண் முன்னால். அவள்தான் இன்டைரக்ட். ஒருவன்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. தட்டில் ஒன்றும் வைக்காமல் ஆள் பெயரை மட்டும் கூவினால் சபை சிரிக்கும். பெயரைச் சொல்லாமல் ஆட்டை மட்டும் கூவினால் அதுவும் ஒரு சீர்தான், யாருக்கு என்று பக்கத்தில் கேட்டுக்கொள்ளலாம். பொருள் ரொம்பப் பெரிது, அதை முதலில் சொல்ல ஆசை என்றால் வாங்குகிறவருக்கு முன்னால் டு என்று ஒரு சின்னச் சொல்லைப் போட வேண்டும். எ கோட் டு தி கேர்ள். இவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் வகுப்பு அடங்கவில்லை. எஞ்சினியர் ஊருக்குத் தண்ணீர் அனுப்பினார். அத்தை மாப்பிள்ளைக்குக் கொழுக்கட்டை செய்தாள். வாத்தியார் எங்களுக்குக் கோபத்தைக் காட்டினார். இதைச் சொன்னவனுக்குக் கூடுதலாகவே ஒரு குலவை கிடைத்தது. ஆடு வெற்றிலையைத் தின்றது என்று நான் ஒரு வாக்கியம் கொடுத்தபோது மட்டும் ஒரு சண்டை வந்தது. இதில் வாங்குகிறவரே இல்லை, இன்டைரக்ட் ஆப்ஜெக்ட் கிடையாது என்றேன். வயிற்றுக்குத்தானே தின்றது, வயிறுதான் இன்டைரக்ட் என்று ஒருவன் மல்லுக்கு நின்றான். வாக்கியத்தில் வயிறு எங்கேடா என்று கேட்டேன். உள்ளே இருக்கிறது சார் என்றான். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. கோபக்கார வாத்தியார் என்ற பெயர் அன்றோடு எனக்குப் போனது.

ஒரு விதியும் போட்டிருந்தேன். இரண்டு ஆப்ஜெக்டையும் சரியாகச் சொன்னவன் அதே வாக்கியத்தைத் தமிழிலும் கூவிச் சொல்லலாம், வகுப்பே குலவை போடும். அந்த விதிதான் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

அன்று சந்தை நாள் வேறு. தட்டிக்கு அந்தப் பக்கம் கூட்டம் நெரிந்தது. சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றதும் செக்குக்காரர் மகன் எழுந்தான். முகத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம்.

“மை டீச்சர்ஸ் அங்கிள் கேவ் மை டீச்சர் ஹிஸ் டாட்டர்!”

என் கதை ஊருக்கே தெரியும்போது அவனுக்குத் தெரியாதா? எனக்குக் காது சூடாகிவிட்டது. இருந்தாலும் வாத்தியார் இல்லையா? “டைரக்ட் ஆப்ஜெக்ட் எது?” என்றேன். “டாட்டர் சார்.” “இன்டைரக்ட்?” “நீங்கதான் சார்.” இரண்டும் சரி. சரியாகச் சொன்னவனை எப்படி அடிப்பது? உட்காரச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதை ஒருமுறை கூவிக் கேட்க எனக்கும் ஆசையாக இருந்தது.

அவன் காதில் கையை வைத்தான். மாமாவின் வீட்டுப் பெயரை மாமாவின் குரலில் இழுத்தான்.

“கொடிக்கால் வீட்டு மாமன்… தங்கச்சி மகன் இங்கிலீஷ் வாத்தியாருக்கு… பெத்த பொண்ணூஉ ஒண்ணு!”

வகுப்பு குலவை போட்டது. அதற்குப் பிறகு நடந்தது எங்கள் ஊரில்தான் நடக்கும். கத்தரிக்காய் அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குலவை போட்டாள். அடுத்த கடை, அதற்கடுத்த கடை, வளையல்காரி, கருவாட்டுக்காரி, புல்லுக்கட்டோடு போனவர்கள் என்று அது திடல் முழுக்கப் பரவியது. கூவியது மாமா என்றே நினைத்தார்கள். குரல் அவருடையது, வீட்டுப் பெயர் அவருடையது, சொன்ன முறையும் அவருடையது. பள்ளிக்கூடத்துப் பக்கம் நின்று, மாப்பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். தலைமையாசிரியர் குமுளிக்கு அப்பாலிருந்து வந்த மலையாளி, கொட்டகைக்குள் பாம்பு புகுந்துவிட்டது என்று பயந்து கம்போடு ஓடிவந்தார். “எந்தா இது?” என்றார். கிராமர் சார் என்றேன். கம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அவர் திரும்பிப் போனார்.

மாமா அந்த நேரத்தில் திடலின் மறுகோடியில் வெற்றிலை எண்ணிக்கொண்டிருந்தார். யாரோ ஓடிவந்து வாயில் கற்கண்டைப் போட்டார்களாம். “தங்கச்சி மகனுக்கே குடுத்துட்டீக, நல்ல காரியம்” என்று இன்னொருவர் கையைப் பிடித்தாராம். மலைத் தரகர் அதைக் காதாரக் கேட்டுவிட்டு, குடையை மடக்கிக்கொண்டு மாமாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் நடையைக் கட்டிவிட்டார்.

மத்தியானம் மாமா கொட்டகை வாசலில் வந்து நின்றார். இனி அந்த வீட்டுப் படியை மிதிக்க முடியாது, அவள் மலைக்குப் போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

“எவன்லே என் குரல்ல கூவுனவன்?”

செக்குக்காரர் மகன் எழுந்தான். துண்டு இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

“இன்னொருக்கா கூவு.”

பையன் அழுகிற நிலைமையில் இருந்தான். ஆனாலும் கையைக் காதில் வைத்ததும் குரல் வந்துவிட்டது. மாமா தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார். “வீட்டுப் பேர இன்னும் கொஞ்சம் இழுக்கணும்லே. கடைசியில மூச்ச விட்டுராத” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

“கூவுனது கூவுனதுதான் மாப்ள. நான் திருப்புறவன் இல்ல. சாயங்காலம் ஆத்தாவக் கூட்டிட்டு வீட்டுக்கு வா.”

அவர் போனபின் பாடம் நடத்தவில்லை. பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வெறும் கொட்டகையில் கொஞ்ச நேரம் நின்றேன். கால் தரையில் பாவவே இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மாவோடு போனேன். வாசலில் ஈரச் சாக்கு விரித்து மாமா மகள் வெற்றிலையை எண்ணிக் கவுளி கவுளியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போக வேண்டியவள் போகவில்லை. மாமா தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி, பொண்ணு உன் மகனுக்குத்தான். குடுத்தாச்சு. ஊரே கேட்டுருச்சு.”

அம்மா கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் மாமா மகள் கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தாள்.

“யாரக் கேட்டுக் குடுத்தீகப்பா?”

எந்தச் சபைக்கும் எட்டுகிற குரலில் பேசும் மாமா, “அதான் ஊரே கேட்டுருச்சேம்மா” என்று முணுமுணுத்தார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“மச்சான், அது என்ன பாடம்? எனக்கும் சொல்லுங்க.”

சொன்னேன். ஒருவர் கொடுக்கிறவர், அது மாமா. ஒருவர் வாங்குகிறவர், அது நான். தட்டில் இருப்பது… அங்கேயே நின்றுவிட்டேன்.

“தட்டுல நானா? கெடா, அரணாக் கொடி, அப்புறம் நானு?”

அவள் சத்தம் போடவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. எத்தனை காலமாக அவளை நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா தருவாரா, மலைக்காரர் தட்டிக்கொண்டு போவாரா என்று நான் கணக்குப் போடாத நாளில்லை. முறைப்பெண்தானே என்ற தெம்பில், உனக்கு என்னைப் பிடிக்கிறதா என்று அவளிடம் மட்டும் கேட்கவே இல்லை. மாமாவும் கேட்கவில்லை. தரகரும் கேட்டிருக்க மாட்டார். அவளிடம் கேட்காமல் குலவை போட்டது ஒரு சந்தையே அல்லவா?

அம்மாவும் மாமாவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டேன். “உனக்குச் சம்மதமா? இல்லேன்னா சொல்லு, நான் போய் அந்தத் தட்டியோரமே நின்னு கூவி எல்லாத்தயும் தப்புன்னு சொல்லிர்றேன்.”

“உங்க தொண்டைக்கு அந்தக் கத்திரிக்கா ஆத்தாவுக்குக்கூடக் கேக்காது” என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன், தெரியவில்லை. இருட்டத் தொடங்கியிருந்தது. பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது போலச் சொன்னாள்.

“அப்பா, நீங்க என்னயக் குடுக்க வேணாம். மச்சான், நீங்க என்னய வாங்கவும் வேணாம். நானே வாரேன்.”

எப்போது வருகிறாய் என்று அடுப்படியிலிருந்து அவள் அம்மா, என் அத்தை, கேட்டார்கள்.

“அது இருக்கட்டும்மா. அவுக மொதல்ல உக்காந்து ஒரு வாய் காப்பி குடிக்கட்டும். வந்ததுலருந்து வாசக்காலுக்குக் காவலா நிக்கிறாக” என்றாள்.